காந்தள் வேலியைத் தை முடியும்வரை விட்டுவையுங்கள்

ஊராட்சி நிர்வாகத்தில் பொறுப்பில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

ஒரே ஒரு கோரிக்கை. ஐப்பசி, கார்த்திகையில் பாதையோர உயிர்வேலிகளைப் பொக்லைன் வைத்து வழிக்க வேண்டாம். தை முடியட்டும்.

சென்ற ஐப்பசியில் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போனபோது எங்கள் இட்டேரியில், அதாவது இருபுறமும் வேலியுள்ள மண்பாதையில், கிளுவை வேலிச்செடி மேல் ஏழெட்டுக் காந்தள் பூத்திருந்தது. திரும்பி வரும்போது வேலியே இல்லை, செம்மண் கரைதான் இருந்தது. சேற்றில் கிடந்த கிழங்கு ஒன்றை எடுத்தேன். ஏர்க்கலப்பை போல வளைந்து, வெட்டுப்பட்ட இடம் வெள்ளையாக இருந்தது. கலப்பைக் கிழங்கு என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? "அது விஷம், கையைக் கழுவிவிடுங்கள்" என்றார் வண்டி ஓட்டுநர். அவர் சொன்னது சரிதான்.

விஷம்தான், மறுக்கவில்லை. அந்த விஷத்துக்குக் கோல்கிசின் என்று பெயர்; அளவோடு கொடுத்தால் கீல்வாதத்துக்கு மருந்து. தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் இதையே கண்வலிக்கிழங்கு என்று பயிர்செய்து விதையை விற்கிறார்கள். தோட்டத்தில் பணப்பயிர், வேலியில் களை என்பது என்ன கணக்கோ! பிள்ளைகளிடம் "பார், பறிக்காதே" என்று சொல்லிவைத்தால் போதும்.

பார்ப்பதற்கு அதில் நிறையவே இருக்கிறது. பச்சை சாயலோடு விரிந்து, மஞ்சளாகி, சில நாட்களில் இரத்தச் சிவப்பாகும். ஒரே கொடியில் மூன்று நிறமும் தெரிவதால் வெவ்வேறு பூ என்றே சிறுவயதில் நினைத்திருந்தேன். ஆறு இதழ்களும் ஓரம் நெளிந்து மேல்நோக்கி மடங்கியிருக்கும். இலை நுனியே சுருண்டு பக்கத்துச் செடியைப் பற்றிக்கொள்ளும். வேலியை எடுத்துவிட்டால் அது எதைப் பற்றி ஏறும்?

மாநில மலராக நாம் வைத்திருப்பது இந்தச் செங்காந்தளைத்தான். ஈழத்தில் கார்த்திகைப்பூ என்பார்கள். குறிஞ்சிப்பாட்டில் மலர்களை அடுக்கும் கபிலர் முதலில் சொல்வதும் இதைத்தான். குறுந்தொகையில் தயிர் பிசைந்த பெண்ணின் விரல் காந்தள் போல இருக்கிறது. அதே நூலின் 76ஆம் பாடலில் 'காந்தள் வேலி' என்றே ஒரு மலைநாட்டைச் சொல்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் மிஞ்சியிருந்த பொருள், கூட்டிப் பார்த்தால் இருநூறு அடி நீளம் இருக்கும்.

தை கடந்தால் காய் வெடித்து விதை சிந்தி, கொடி காய்ந்துவிடும். மாசியில் வேலையை வையுங்கள். அப்போதும் கிளைகளை மட்டும் வெட்டுங்கள்; மண்ணைச் சுரண்டாதீர்கள். கிழங்கு உள்ளே உறங்கிக் கிடந்து அடுத்த மழைக்குத் தானே முளைக்கும்.

பாதையை அகலப்படுத்தியே தீர வேண்டுமென்றால் ஒரு நாள் முன்பாகச் சொல்லி அனுப்புங்கள். மண்வெட்டியோடு வந்து கிழங்குகளை எடுத்துப் போய் எங்கள் கிணற்றுமேட்டு வேலியில் நட்டுக்கொள்கிறோம். கையுறைகூட வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இட்டேரியில் தினமும் நடப்பவன்