அறிவிப்பில் இல்லாத அப்பா

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் அப்பா காலமானார். தங்கள் நாளிதழில் வந்த அறிவிப்பில் பெயர், வயது, பார்த்த வேலை, பிள்ளைகள் விவரம் எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனாலும் அதில் அப்பாவைக் காணவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

35 வருடம் பட்டறையில் நின்றே உழைத்தவர். ஞாயிற்றுக்கிழமையாவது கொஞ்சம் படுக்கக் கூடாதா என்று அம்மா கேட்பார். எங்கே! விடிவதற்குள் எங்களை எழுப்பி, ஆற்றங்கரைக்கோ மலையடிவாரத்துக்கோ கிளப்பிவிடுவார். சப்தரிஷி மண்டலத்தின் ஓரத்து இரண்டு நட்சத்திரங்களைச் சேர்த்துக் கோடு போட்டு, அதை ஐந்து மடங்கு நீட்டினால் துருவ நட்சத்திரம் வரும் என்று இருட்டில் என் விரலைப் பிடித்துக் காட்டியவர் அவர்தான். எத்தனை முறை கழுவினாலும் கிரீஸ் கறை போகாத கை அது. கரை மண்ணில் மீன்கொத்தி குடைந்த பொந்தைக் கண்டால், மூச்சு விடாமல் அரை மணி நேரம் எங்களோடு உட்கார்ந்திருப்பார். எங்களுக்கு அதைவிடப் பெரிய சொத்தை அவர் சேர்க்கவில்லை, தேவையும் இல்லை.

கடைசி வாரம் நடக்க முடியவில்லை. கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னார்.

இரங்கல் அறிவிப்புகளில், இறந்தவருக்கு என்ன பிடிக்கும் என்று சொல்ல ஒரே ஒரு வரி ஒதுக்குங்கள், ஐயா. அப்பாவின் காலணியில் ஒட்டிய செம்மண்ணை அம்மா இன்னும் தட்டவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி