கிரேடு ஒன்றும் மணலி நோட்டுஸ்வரமும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மேஜையிலேயே கிடக்கிறது, பதில் எழுத இன்றுதான் உட்கார முடிந்தது. திருச்சியில் உன் மகளும் மேற்கத்திய வாய்ப்பாட்டுத் தேர்வில் கிரேடு ஒன்று எழுதுகிறாள் என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் இங்கே தண்டையார்பேட்டையில் நாற்பது தாண்டிய நானும் அதற்குத்தான் தயாராகிக் கொண்டிருக்கிறேன். பெரம்பூரில் ஒரு ஆங்கிலோ இந்திய டீச்சர் சொல்லித் தருகிறார். வீட்டில் கிண்டலுக்குக் குறைவில்லை, அது போகட்டும்.

தேர்வு எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தாயே. இதை நடத்தும் பிரிட்டிஷ் இசைத் தேர்வு அமைப்பான ஏபிஆர்எஸ்எம்மில் மொத்தம் 150 மதிப்பெண், நூறு எடுத்தால் பாஸ், 120 மெரிட், 130 டிஸ்டிங்ஷன். மூன்று பாட்டு, ஒவ்வொன்றுக்கும் 30. அப்புறம் பியானோ இல்லாமல் ஒரு நாட்டுப்பாட்டு 21, முன்பின் தெரியாத இசைக்குறிப்பை, அதாவது நோட்டை, பார்த்த மாத்திரத்தில் பாடுவது 21, காதுச் சோதனை 18. ஒரு பகுதியில் சறுக்கினாலும் கூட்டுத்தொகை நூறைத் தொட்டால் போதும், அதனால் பிள்ளையை ரொம்பப் பயமுறுத்தாதே. பியானோ வாசிக்க ஆளை நாம்தான் அழைத்துப் போக வேண்டும், தேர்வாளர் நமக்காக வாசிக்க மாட்டார், அதை இப்போதே பேசி வைத்துவிடு. 2020இல் வந்த, பாடி வீடியோ எடுத்து அனுப்பும் முறையில் காதுச் சோதனையும் பார்த்துப் பாடுவதும் கிடையாது. ஆனால் என்னைக் கேட்டால் அந்த ரெண்டும்தான் உருப்படியான பயிற்சி, நேரில் போவதே நல்லது.

உன் மகள் சின்ன வயதில் கர்நாடக சங்கீதத்தில் சரளி வரிசை பாடியவள் அல்லவா, சிக்கல் அங்கேதான் வரும். நாம் எல்லோரும் மாயாமாளவகௌளை ராகத்தில்தானே தொடங்குகிறோம், அதில் ரிஷபமும் தைவதமும் சுத்தம், அதாவது ஸவையும் பவையும் ஒட்டியே நிற்கும். மேற்கத்திய இசையின் மேஜர் ஸ்கேல் நம் சங்கராபரண ராகம். மற்றது எல்லாம் ஒன்று, ரி, த இரண்டு மட்டும் மேலே ஏறும். நோட்டைப் பார்த்துப் பாட அரை நிமிடம்தான் பார்வையிடத் தருகிறார்கள், அந்தப் பதற்றத்தில் தொண்டை தானாகப் பழைய ரிக்குப் போய்விடும், யாராக இருந்தாலும். அதோடு கமகம் வேறு, ஸ்வரத்தை அசைத்துப் பாடும் நம் பழக்கம். காதுச் சோதனையில் தேர்வாளர் ஒரு சின்ன வரியை வாசிப்பார், தாளம் விடாமல் அப்படியே திருப்பிப் பாட வேண்டும். நாம் அழகு செய்கிறோம் என்று காந்தாரத்தை ஆட்டினால் அங்கே அது வேறு ஸ்வரமாகக் காதில் விழும். நேராக நிற்க வேண்டும், இஸ்திரி போட்ட சட்டை மாதிரி.

இதற்கு எனக்குக் கிடைத்த மருந்து நம்ம ஊர்ச் சரக்கு. முத்துசாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் தெரியுமா? அவருடைய அப்பா ராமசாமி தீட்சிதரை மணலி ஜமீன்தார் ஆதரித்தார், குடும்பம் இங்கே வடசென்னை மணலியில் இருந்தது. சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரர்கள் வாசித்த பேண்டு இசையைக் கேட்டு முத்துசாமி தீட்சிதர் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் போட்டார். 'சியாமளே மீனாட்சி'யைப் பாடிப் பார், உன் மகள் எல்.கே.ஜி.யில் பாடிய ட்விங்கிள் ட்விங்கிள் மெட்டு அது. எல்லாம் சங்கராபரணம், கமகம் இல்லாமல் நேர் ஸ்வரம். இன்றைக்கு எண்ணெய் ஆலைப் புகையும் கன்டெய்னர் லாரியுமாக இருக்கிற மணலிக்கு இப்படி ஒரு கதை இருப்பது இங்கே பலருக்குத் தெரியாது, எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்தான். தினமும் காலையில் மொட்டை மாடியில் ரெண்டு நோட்டுஸ்வரம் பாடிவிட்டுத்தான் டீச்சர் கொடுத்த பாட்டுக்கே போகிறேன். கீழே லாரி ஹாரன் வேறு சுருதியில் அடிக்கும், அதற்கு அசையாமல் ஸவைப் பிடிப்பதும் ஒரு பயிற்சி என்று வைத்துக்கொள்.

நாட்டுப்பாட்டைத்தான் எல்லோரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். சுருதிப்பெட்டியும் இல்லை, பியானோவும் இல்லை, மூன்றாவது வரிக்குள் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடும், பாடுபவருக்கே தெரியாது. பாடி முடித்ததும் ஆரம்ப ஸ்வரத்தைப் போனில் தட்டிப் பார்க்கச் சொல், எவ்வளவு இறங்கியது என்று தெரியும். மேலே ரொம்ப உயராத பாட்டாக, தனக்கு வசதியான சுருதியில் எடுக்கட்டும். மனப்பாடமாகப் பாட வேண்டும். எந்த மொழியாக இருந்தாலும் சரி, இங்கிலீஷ் பாட்டுக்காக அலைய வேண்டாம். கானா பாடட்டுமா என்று டீச்சரிடம் கேட்டேன், முறைத்தார். தாலாட்டு பாடலாம் என்று நினைத்தேன், ஆனால் எங்கள் வீட்டில் இருப்பது ஒரே இழுவை, நேர் ஸ்வரமே இல்லை.

அதனால்தான் உன்னிடம் ஒரு உதவி. உன் அம்மா நடவுப்பாட்டு ஒன்று பாடுவார்களே, நாம் லீவுக்கு உங்கள் ஊருக்கு வந்தபோது வயலில் கேட்டது. அதை அவர்கள் குரலில் போனில் பதிவு செய்து அனுப்புடா, ரெண்டு கண்ணி போதும். டீச்சர் அடுத்த வாரம் பாட்டை முடிவு செய்யச் சொல்லியிருக்கிறார். அம்மா உடம்பு எப்படி இருக்கிறது, முட்டி வலி குறைந்ததா என்பதையும் எழுது.

அன்புடன்,
குமார்