239ஐத் திருத்தித் தந்தவர்களுக்கு நன்றி

சித்திரை விடுமுறையில் வெள்ளவத்தையில் மூன்று நாட்கள் நடைபெற்ற கணித முகாமுக்குக் கைகொடுத்த அனைவருக்கும், அதனை நடத்திய ஆசிரியர் என்ற முறையில் என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஒரு முழு எண்ணை 1, 8, 27, 64, 125 போன்ற நிறைகனங்களின் கூட்டுத்தொகையாக எழுத எத்தனை கனங்கள் போதும் என்பதே நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள். ஒன்பது போதும் என்று கணிதவியலாளர் எட்வேர்ட் வேரிங் 1770இல் நிறுவாமலே சொல்லிவைத்ததை, 1909இல் வீஃபெரிக் நிறுவினார். அந்த நிறுவலில் இருந்த ஓட்டையை 1912இல் கெம்ப்னர் அடைத்தார்.

இதனைக் கட்டைகளாலேயே காட்ட நான் விரும்பியபோது, ஓரங்குலம் முதல் ஐந்து அங்குலம் வரை பக்கமுள்ள கனக்குற்றிகளைச் செய்து தந்தவர் மொரட்டுவையைச் சேர்ந்த தச்சர் ஒருவர். வாள் தின்னும் மரத்தை யோசிக்காமல் நான் அளவு எழுதிக் கொடுத்ததால் முதல் தொகுதி முழுவதும் ஒரு நூல் குறைந்து வந்தது. தவறு என்னுடையதாக இருந்தும், மரத்துக்கு மட்டுமே காசு வாங்கிக்கொண்டு அவர் மீண்டும் அறுத்துத் தந்தார்.

அடுத்த நன்றி தரம் 9 மாணவி ஒருவருக்கு. பெரிய குற்றியை முதலில் எடுத்தால் விடை தானாக வரும் என்று நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவ்வழியே 239ஐ அடுக்கினோம்: 125, 64, 27, இரண்டு 8, ஏழு 1, ஆகப் பன்னிரண்டு குற்றிகள். ஒன்பது போதும் என்றீர்களே என்று பிள்ளைகள் என்னைப் பார்க்க, நான் கரும்பலகையைப் பார்த்தேன். அம்மாணவியோ ஒன்றும் பேசாமல் ஐந்தங்குலக் குற்றியை மேசையிலிருந்து இறக்கிவிட்டு, இரண்டு 64, நான்கு 27, மூன்று 1 என ஒன்பதை வரிசையாக வைத்தார். ஒன்பது கனங்கள் இல்லாமல் முடியாத எண்கள் 23உம் 239உம் மட்டுமே என்று 1939இல் டிக்சன் காட்டியிருப்பதால், அதற்குக் கீழே இறங்க வழியில்லை.

இலக்கங்களைக் கூட்டி ஒன்பதைத் தள்ளிப் பேரேடு சரிபார்த்துப் பழகிய ஓய்வுபெற்ற கணக்காளர் ஐயா ஒருவர், கனத்தை 9ஆல் வகுத்தால் மீதி 0, 1, 8 தவிர வேறு வராது என்றும், ஆகவே மீதி 4 அல்லது 5 வரும் எண்ணை, மறை எண்களை அனுமதித்தாலும், மூன்று கனங்களால் ஆக்க முடியாது என்றும் விளக்கினார். 42க்கு மீதி 6, ஆகவே அதற்கு இந்தத் தடை இல்லை. ஆனாலும் கனங்களின் கூட்டுத்தொகை 42 ஆகும் மூன்று பதினேழு இலக்க எண்களை, மறை எண்ணையும் சேர்த்து, கணிதவியலாளர்களான புக்கரும் சதர்லாந்தும் 2019இல்தான் கண்டுபிடித்தனர் என்றபோது பின்வரிசை கூட நிமிர்ந்து உட்கார்ந்தது.

குற்றிகள் என் வீட்டில் உள்ளன. கேட்கும் பாடசாலைக்கு இரவல் தருவேன். ஓரங்குலக் குற்றிகளில் இரண்டைக் காணவில்லை. எடுத்துச் சென்ற பிள்ளை அவற்றை வைத்துக்கொள்ளட்டும்.