பள்ளத்தாக்கைக் கண்டவருக்கு

மதிப்புக்குரிய மைக்கேல் ராஸ்மன் அவர்களுக்கு,

நீங்கள் 2019-லேயே மறைந்துவிட்டீர்கள். இருந்தாலும் இதை உங்களுக்குத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். "சளியை உடம்பே விரட்டிவிடுகிறதே, அப்புறம் ஏன் மிஸ் அது திரும்பத் திரும்ப வருகிறது?" என்று ஒரு மாணவி கேட்டாள். பதில் தேடப் போய் உங்களிடம் வந்து சேர்ந்தேன்.

1985-இல் ரைனோவைரஸ் 14 என்ற சளி வைரஸின் வடிவத்தை, அணுக்கள் இருக்கும் இடம் தெரியும் அளவுக்கு, அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் உங்கள் குழு கண்டது. வைரஸைப் படிகமாக்கி, எக்ஸ் கதிரால் படமெடுத்து அதைக் கண்டீர்கள். ஆனால் எக்ஸ் கதிர் பட்டால் அந்தப் படிகங்கள் சீக்கிரமே கெட்டுவிடும். அவற்றைக் கோணம் பார்த்துத் திருப்பிக்கொண்டிருக்க நேரம் ஏது? வலுவான எக்ஸ் கதிரைத் தரும் கார்னெல் பல்கலைக்கழகத்தின் சின்க்ரோட்ரான் இயந்திரத்தில், படிகம் எப்படி அமைந்ததோ அப்படியே படமெடுத்தீர்கள். எந்தக் கோணம் என்பதைப் பிறகு கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தீர்கள். அந்தத் துணிச்சலை நினைத்தால் இப்போதும் சிலிர்க்கிறது.

கிடைத்த வடிவத்தில் ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. வைரஸின் 12 முனைகளையும் சுற்றி ஆழமான பள்ளம். நம் செல்லின் மேலுள்ள ஒல்லியான புரதம் அதற்குள் இறங்கும், கிருமியைப் பிடிக்க உடம்பு உருவாக்கும் பருத்த எதிர்ப்பொருளால் இறங்க முடியாது. அதனால் வைரஸ் பள்ளத்தைச் சுற்றியுள்ள மேட்டை மட்டும் மாற்றி மாற்றி நம்மை ஏய்க்கிறது, ஒட்டும் இடத்தை அடியில் பத்திரமாக வைத்துக்கொள்கிறது என்றீர்கள். ரைனோவைரஸில் நூற்றுக்கு மேல் வகைகள் இருப்பதற்கு இதைவிட அழகான விளக்கத்தை நான் படித்ததில்லை. எதிர்ப்பொருள் ஒன்று அந்தப் பள்ளத்துக்குள்ளும் இறங்குகிறது என்று 1996-இல் தெரியவந்தது. அதையும் வகுப்பில் சொன்னேன். கருத்து முழுதாக நிற்கவில்லை என்பதால் அதன் மேல் எனக்கிருந்த பிரியம் குறையவில்லை. செல்லின் புரதம் அங்கேதான் வந்து ஒட்டுகிறது என்ற பாதி அப்படியே நின்றது.

பள்ளத்தின் அடியில் இருந்த சிறு பொந்தை மருந்தால் அடைக்கும் முயற்சியும் நடந்தது. அப்படி வந்த பிளெகோனரில் என்ற சளி மருந்துக்கு 2002-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைக்கவில்லை.

2016-இல் ஜிகா வைரஸின் வடிவத்தை உங்கள் பர்டியூ சகா ரிச்சர்ட் கூனுடன் சேர்ந்து வெளியிட்டபோது உங்களுக்கு 85 வயது. அந்தப் படத்தை அதே மாணவியிடம் காட்டினேன். பள்ளத்தாக்கைத் தேடினாள். கிட்டத்தட்ட வழவழப்பான பந்து அது. "அப்போ இது எங்கே மிஸ் ஒட்டும்?" என்றாள்.

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருக்க வேண்டும் ஐயா.

அன்புடன்,
ஓர் உயிரியல் ஆசிரியை