பனங்கொட்டை விதைத்த கதை

அன்புள்ள மாப்ளே,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. கொஞ்ச நாளைக்கு அடுப்படிப் பக்கம் விடாதே.

உங்கள் ஆபீஸில் இந்த வருஷம் ரிசார்ட்டுக்குப் பதிலாக எல்லா டிபார்ட்மெண்டும் சேர்ந்து ஏதாவது நல்ல காரியம் செய்யலாம் என்று பேசுவதாக எழுதியிருந்தாய். எங்கள் பம்ப் கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். இங்கே அக்கவுண்ட்ஸுக்கும், பம்ப் தயாராகும் ஷாப் ஃப்ளோருக்கும் பேச்சுவார்த்தையே மெயிலில்தான். பில் வரவில்லை என்று இவர்கள் எழுத, அட்வான்ஸ் பாஸாகவில்லை என்று அவர்கள் எழுத, அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

2009-ல் தொடங்கியதே, தான் உத்சவ் என்கிற கொடுத்தல் திருவிழா, இப்போது அக்டோபர் 2 முதல் 8 வரை கொண்டாடுகிறார்களே, அந்த வாரத்தில் குளக்கரையில் பனை விதைப்பது என்று முடிவானது. வடகிழக்குப் பருவமழைக்குக் கொஞ்சம் முன்னால் விதைத்துவிட்டால் அப்புறம் தண்ணீர் ஊற்ற ஆள் தேட வேண்டாம்.

உண்மையில் ஆட்களைச் சேர்த்தது விதைத்த அந்த ஒரு நாள் இல்லை, அதற்கு முந்தைய வாரங்கள்தான். ஆவணி, புரட்டாசியில் பழம் விழும். எந்தக் காட்டு வரப்பில் விழும், யாரிடம் கேட்டு எடுக்கலாம் என்பதெல்லாம் டெஸ்பாட்ச் டிரைவருக்கும் ஃபவுண்டரி ஆட்களுக்கும்தான் தெரியும். கரையில் குழி தோண்ட அனுமதி வாங்க வேண்டும். அந்த மனுவை எழுதி, பின்னாலேயே அலைந்து வாங்கி வந்தது அக்கவுண்ட்ஸ். கொட்டை பொறுக்கப் போன வண்டியில் இரண்டு தரப்பும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று.

அன்றைக்குக் கணக்குப் பார்க்கும் பெண்கள் டேப் பிடித்துப் பத்தடிக்கு ஒரு சுண்ணாம்புக் குறி போட்டுக்கொண்டே போக, பின்னால் கடப்பாரை. முதலில் முளை கீழேதான் இறங்கும், பொங்கலுக்கு நாம் அவித்துத் தின்னும் கிழங்கு அதுதான், ஓலை மேலே தலைகாட்ட மாதக்கணக்காகும் என்று மோல்டிங்கில் இருக்கும் ஒரு அண்ணன் சொல்லிக் கொடுத்தார். ஆண் பனையா பெண் பனையா என்பது பாளை விடும்போதுதான் தெரியும், அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேலாகும் என்றார். எங்கள் ஃபைனான்ஸ் மேனேஜர் அவர் பக்கத்திலேயே நின்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆபீஸில் அவர் அந்த அண்ணனோடு பேசி நான் பார்த்ததில்லை. இப்போது பில்லில் சந்தேகம் வந்தால் நேராக ஷாப்புக்கே இறங்கி வருகிறார். பர்ச்சேஸும் குவாலிட்டியும் இன்னும் சண்டைதான், அது தனிக் கதை.

அதனால் நீ வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது, ஆபீஸில் வாய் திறக்காதவனுக்கு அங்கே சொல்லிக் கொடுக்கும் இடம் இருக்கிறதா என்று பார். ரத்த தான முகாம் அவசியம் நடத்துங்கள், ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். ஆனால் அங்கே அவரவர் படுக்கையில் அவரவர். பழக வாய்ப்புக் குறைவு. குழந்தைகள் இல்லத்துக்குக் கேக்கோடு போய் போட்டோ எடுத்துத் திரும்புவது மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தப் பிள்ளைகள் வருகிறவர்களுக்கெல்லாம் பாட்டுப் பாடிக் காட்ட வேண்டியிருக்கிறது, பார்க்கவே மனசு கஷ்டப்படும். என்ன வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். பாத்ரூம் குழாய் ரிப்பேர் என்பார்கள், உங்கள் மெயின்டனன்ஸ் ஆட்கள் இருக்கிறார்களே!

சமூகக் காரியத்துக்கென்று கம்பெனி ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணம் இருக்கிறதே என்று உங்கள் டைரக்டர் சொல்லலாம். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழித்தே ஆக வேண்டும்; அது கம்பெனியின் கடமை. ஒரு பகல் முழுக்க வெயிலில் நிற்பது ஆட்கள் தாங்களாகக் கொடுப்பது. இரண்டையும் ஒரே கணக்கில் எழுத விடாதே.

பனை என்று முடிவானால் ஆவணிக்குள் ஒரு வரி எழுது. எங்கள் டிரைவரிடம் சொல்லி இரண்டு மூட்டை உனக்கும் எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்