ஆன் ஆகாத போன் எல்லாம் செத்த போன் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் திறந்த மூல ஸ்மார்ட்போன்கள், அதாவது மென்பொருளின் நிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடிய போன்கள், பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் பைன்போன் என்ற போனை வாங்கிய ஒருவர், அது ஒரு நாள் ஆன் ஆகாமல் போனதையும், சர்வீஸ் சென்டர் இல்லாததால் அதைத் தூக்கிப் பரணில் போட்டதையும் எழுதி, 'இந்த வகைப் போன் ஆன் ஆகாவிட்டால் குப்பைதான்' என்று முடித்திருந்தார். சர்வீஸ் சென்டர் இல்லை என்பது சரி. குப்பை என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. நான் செல்போன் பழுது பார்ப்பவன், அதே போனை வைத்திருப்பவனும்கூட. ஆன் ஆகாத போனைச் சொந்தக்காரரே சோதித்துப் பார்க்க இவ்வளவு வழி விட்டிருக்கும் போன் வேறு எதுவும் என் மேசைக்கு வந்ததில்லை.

கடைக்கு வருகிறவர்கள் 'செட் டெட்' என்று நீட்டுவார்கள். பல செட்டில் டிஸ்ப்ளே மட்டும்தான் போயிருக்கும். அழைத்தால் மணி அடிக்கும். பைன்போனில் இந்த ஏமாற்றம் இன்னும் அதிகம். தூக்க நிலைக்குப் போன போன் சில சமயம் எழுந்திருக்காது. திரை கறுப்பாகவே இருக்கும், உள்ளே லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி விடாமல் அழுத்தி முழுசாக அணைத்து, மறுபடி போட்டுப் பார்ப்பதுதான் முதல் வேலை. அப்புறம் யுஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைக்க வேண்டும். போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற லினக்ஸ் வகை இயங்குதளம் போட்டிருந்தால் கணினிக்கு அது ஒரு நெட்வொர்க் சாதனமாகத் தெரியும், 172.16.42.1 என்ற முகவரியில் உள்ளே நுழையலாம். அப்படித் தெரிந்துவிட்டால் போன் நன்றாகவே இருக்கிறது, பார்க்க வேண்டியது டிஸ்ப்ளேயைத்தான்.

எதுவுமே தெரியவில்லை என்றால் பேட்டரிக்கு வர வேண்டும். இந்தப் போனின் பின்மூடியை நகத்தால் கழற்றலாம், பேட்டரியைக் கையால் எடுக்கலாம். புதிதாக வரும்போது பேட்டரி முனைகளுக்கும் போனுக்கும் நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கும். அதை எடுக்காமலே 'வந்ததிலிருந்தே டெட்' என்று புலம்பியவர்கள் உலகம் முழுக்க உண்டு. பேட்டரியே போயிருந்தாலும் கவலையில்லை. 2015ஆம் ஆண்டு சாம்சங் கேலக்ஸி ஜே7 பேட்டரிதான் இதற்கும் சரியான அளவு. ஜே7 நம் ஊரில் எவ்வளவு ஓடியது என்று சொல்லத் தேவையில்லை. அதன் பேட்டரி கடைவீதியில் கிடைக்கும். ஆனால் உப்பிய பேட்டரியை அழுத்தி உள்ளே தள்ளிச் சார்ஜ் போட்டுப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.

மூடிக்குள் ஆறு குட்டி ஸ்விட்சுகள் இருக்கும். மோடம், வைஃபை, மைக், இரண்டு கேமராக்கள், ஹெட்போன் ஆகியவற்றுக்கானவை. அவற்றைத் தள்ளித் தள்ளிப் பார்த்துப் பயனில்லை, எதுவும் பவருக்கானது அல்ல. ஆனால் ஹெட்போன் ஸ்விட்சை அணைத்தால் அந்த ஓட்டையே, போன் அனுப்பும் எழுத்துகளைக் கணினியில் படிக்க உதவும் சீரியல் போர்ட்டாக மாறிவிடும். அதற்கான கேபிளைச் செருகி, 115200 வேகத்தில் கணினியில் திறந்தால், போன் எழும்போது தனக்குள் பேசிக்கொள்வது எல்லாம் வரி வரியாக வரும். எந்த இடத்தில் நின்றது என்று போனே சொல்லிவிடும். மற்றப் போன்களில் இந்தத் தகவலுக்காக மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு போர்டில் புள்ளி தேட வேண்டியிருக்கும். இதை முதன்முதலில் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

பேட்டரி சரி, ஆனாலும் எழவில்லை என்றால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் இயங்குதளம் அல்லது அதை எழுப்பிவிடும் பூட்லோடர் என்ற சிறு மென்பொருள் கெட்டிருக்கும். அப்டேட் பாதியில் நின்றாலே போதும். இங்கேதான் கட்டுரையாளர் அவசரப்பட்டுவிட்டார். இந்தப் போனின் ஆல்வின்னர் ஏ64 சிப், ஆன் ஆனதும் முதலில் மெமரி கார்டைத்தான் பார்க்கும். அதில் பூட்லோடர் இல்லாவிட்டால்தான் உள் நினைவகத்துக்குப் போகும். எனவே செருகியிருக்கும் கார்டைக் கழற்றிவிட்டு ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும், கார்டே வில்லனாக இருக்கலாம். பிறகு ஜம்ப்டிரைவ் என்ற சின்ன மென்பொருளை ஒரு கார்டில் எழுதிப் போட்டு ஆன் செய்து, கணினியில் இணைத்தால், போனின் உள் நினைவகம் பென்டிரைவ் மாதிரித் திறக்கும். குறியாக்கம் செய்திருந்தால் கடவுச்சொல் கேட்கும், அவ்வளவுதான். படங்களை எடுத்துக்கொண்டு, இயங்குதளத்தைப் புதிதாக எழுதிவிடலாம்.

கடை வைத்திருப்பவர்களுக்கு 9008 என்ற எண் பழக்கம். குவால்காம் சிப் உள்ள போன் எழாதபோது கணினியில் அந்தப் பெயரில்தான் போர்ட் காட்டும். மென்பொருளை மீட்கும் கதவு அங்கேயும் இருக்கிறது. ஆனால் அதைத் திறக்க அந்தந்தக் கம்பெனி கையொப்பமிட்ட கோப்பு வேண்டும், கம்பெனி அதை வெளியே தராது. காசு கொடுத்து வாங்கிய போனின் கதவுக்குச் சாவி வேறு ஒருவரிடம். 'குப்பை' என்ற சொல்லை நான் அந்தப் பக்கம்தான் வைப்பேன்.

இதைச் சொல்வதால் திறந்த மூலப் போன்களைத் தயாரிப்பவர்களுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். பைன்போனுக்கு அடுத்து வந்த பைன்போன் புரோவில் பேட்டரி அடியோடு தீர்ந்துவிட்டால் பெரிய தொல்லை. சார்ஜரில் போட்டால் எழப் பார்க்கும், அதிலேயே வந்த கரண்ட் தீரும், மறுபடி விழும். மூடிக்குள் இருக்கும் ஆர்இ என்ற சிறு பட்டனை அழுத்தி மாஸ்க்ராம் நிலைக்கு, அதாவது இயங்குதளத்தை எழுப்பாமல் சிப் மட்டும் காத்திருக்கும் நிலைக்கு, கொண்டுபோய், அப்படியே சார்ஜரில் விட்டு வைப்பது பயன்படுத்துபவர்களிடையே தெரிந்த வைத்தியம். சாதாரண ஆளுக்கு இது எப்படித் தெரியும்? புதிய கோளாறும் அல்ல இது. 2007இல் வந்த ஓப்பன்மோகோ நியோ 1973 என்ற பழைய திறந்த மூலப் போனிலும் இதே கதைதான். சார்ஜ் ஏற்றுவதை மென்பொருளிடம் விட்டிருந்தார்கள். பேட்டரி முழுசாக இறங்கினால் மென்பொருள் எழாது, மென்பொருள் எழாவிட்டால் சார்ஜ் ஏறாது. நல்லவேளையாக நோக்கியாவின் பிஎல்-5சி பேட்டரி அதற்குப் பொருந்தும் என்பதால், ஒரு நோக்கியா போனில் சார்ஜ் ஏற்றி எடுத்துப் போட்டுத் தப்பித்தார்கள். அடுத்த ஆண்டு அவர்களே கொண்டுவந்த ஃப்ரீரன்னர் போனில், அழிக்க முடியாத தனி நினைவகத்தில் இன்னொரு பூட்லோடரை வைத்து, மென்பொருள் கெட்டால் மீட்கும் வழியை உறுதி செய்தார்கள். அவ்வளவு யோசித்தவர்கள் இருந்த திறந்த மூலப் போன் உலகத்திலிருந்து, பத்தாண்டுக்கு மேல் கழித்தும் காலி பேட்டரிக்கு இப்படி ஒரு சுற்றுவழி வருவது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

வயதான பெற்றோருக்கோ, அவசர அழைப்புக்கு ஒரே போனை நம்பியிருப்பவருக்கோ இந்த வகைப் போனை வாங்கித் தர நான் சொல்ல மாட்டேன். தமிழில் இதற்கு வழிகாட்டியும் அவ்வளவாக இல்லை. உங்கள் இதழ் இரண்டு பக்கம் ஒதுக்கினால் எழுதித் தர நான் தயார்.

கட்டுரையாளரிடம் ஒரு கேள்வியைச் சேர்த்துவிடுங்கள். கேபிளில் கணினியோடு இணைத்தபோது ஏதாவது தெரிந்ததா, கார்டைக் கழற்றிப் பார்த்தாரா? பதில் வரும்வரை அந்தப் போனைப் பழைய சாமான் கடைக்குப் போட வேண்டாம். தபாலில் அனுப்பினால் நானே பார்த்துத் தருகிறேன். பேட்டரியை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு அனுப்பட்டும், இங்கே ஜே7 பேட்டரி இருக்கிறது.

இப்படிக்கு,
செல்போன் பழுது பார்க்கும் ஒரு வாசகர்,
திருச்சி