குரோமைத் தின்ற குரோம் கிளீனர்: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
திருவான்மியூர், சென்னை.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: தங்கள் குரோம் கிளீனரால் மோட்டார் சைக்கிளின் முலாம் அழிந்தது, இழப்பீடு கோருதல்.

ஐயா / அம்மையீர்,

என்னிடம் இருப்பது அப்பா விட்டுச்சென்ற 1994ஆம் ஆண்டு புல்லட். திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் செய்தது. அதன் சைலன்சர், ஹெட்லைட் வளையம், கிராஷ் கார்டு மூன்றுக்கும் நான்கு ஆண்டுகளுக்கு முன் புதிதாகக் குரோம் முலாம் போட்டேன். எங்கள் தெருவில் பிற்பகல் கடற்காற்று வீசத் தொடங்கினால் ஜன்னல் கம்பிகூடப் பிசுபிசுக்கும். அதனால் ஞாயிறுதோறும் நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, பழைய பனியன் துணியால் ஈரம் போகத் துடைத்து, துளி தேங்காய் எண்ணெய் தடவிவிடுவேன். எங்காவது துருப்புள்ளி தெரிந்தால் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்ப்பேன். அலுமினியம் குரோமைவிட மென்மையானது என்பதால் கீறல் விழாது. நான்கு ஆண்டுகளும் இப்படியே ஓடின.

என் போதாத காலம், சென்ற மாதம் 12ஆம் தேதி 449 ரூபாய் கொடுத்துத் தங்கள் கிளீனரை வாங்கினேன். 'கடற்காற்றிலிருந்து ஆறு மாதப் பாதுகாப்பு' என்று புட்டியின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பின்பக்கத்தில், தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு உலர்ந்த துணியால் துடைக்கவும் என்று இருந்தது. தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லவில்லை. கையுறை பற்றி ஒரு சொல்லும் இல்லை. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பதும் இல்லை.

சொன்னபடியே செய்தேன். சைலன்சரிலிருந்து வழிந்தது சிமெண்ட் தரையில் சொட்டிய இடமெல்லாம், சோடாவைத் திறந்தாற்போல் நுரைத்தது. குளியலறை கழுவும் ஆசிட்டின் நெடி மூக்கில் ஏறியது. அப்போதே வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றியிருக்க வேண்டும். அச்சடித்ததை நம்பி பத்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை சைலன்சரில் என் முகம் தெரியவில்லை. குரோமுக்கே உரிய அந்த நீலச்சாயல் போய், பித்தளையும் இல்லாத வெள்ளியும் இல்லாத ஒரு மஞ்சள் மங்கல் படர்ந்திருந்தது. பத்தே நாளில் அதன்மேல் ஊசிமுனை அளவில் துரு. முலாம் போட்டுக்கொடுத்த பெரியவரிடம் வண்டியைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "மேல் பூச்சு கரைந்து அடிப்பூச்சான நிக்கல் தெரிகிறது தம்பி. பழைய முலாமை உரிக்க நாங்களே ஆசிட்டில்தான் போடுவோம்" என்றார். குரோம் பூச்சின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அது போய்விட்டால் நிக்கலில் உள்ள நுண்துளைகள் வழியே உப்பு இறங்கி இரும்பைப் பிடித்துக்கொள்ளும். மாற்று சைலன்சர் கிடைக்குமா என்று புதுப்பேட்டையில் ஒரு நாள் முழுக்க அலைந்ததைத் தனியாக எழுதவில்லை.

தங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணில் கிடைத்த பதில்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. "கடலோரத்தில் குடியிருந்தால் துருப்பிடிக்கத்தான் செய்யும், அதற்கு நாங்கள் பொறுப்பல்ல" என்றார்கள். கடற்காற்றுக்கு மருந்து என்று விற்றுவிட்டு, கடற்காற்றின்மேலேயே பழியைப் போடுவது என்ன நியாயம்?

மூன்று பாகங்களுக்கும் மீண்டும் முலாம் போட 6,800 ரூபாய் ஆகும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தொகையையும் கிளீனரின் விலையையும் 15 நாட்களுக்குள் தர வேண்டும். கடைகளில் இருக்கும் புட்டிகளிலாவது, உள்ளிருக்கும் பொருள் என்ன, தோலில் பட்டால் என்ன செய்வது, எப்படிக் கழுவுவது என்பதை ஒட்டுங்கள். பெரியவர் முலாமையாவது திரும்பப் போட்டுவிடலாம், யார் கண்ணிலாவது தெறித்தால் என்ன செய்வீர்கள்?

பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். தங்கள் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நான் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்க 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது.

ரசீது, முலாம் மதிப்பீடு, சைலன்சரின் படங்கள், நுரைத்து வெளுத்த தரையின் படம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். மீதி அரைப் புட்டி என்னிடம் இருக்கிறது. பரிசோதனைக்கு வேண்டுமென்றால் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். தபாலில் அனுப்ப எனக்குத் தைரியமில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்